ஓரத்தில் ஒரு நீல வண்டி

தண்டவாளம் குறுக்கிடும் இடமெல்லாம்
பள்ளிப் பேருந்தை நிறுத்தியாக வேண்டும்.
சட்டம் அப்படி.
விளக்கு எரியாவிட்டாலும் நிறுத்தி
கதவைத் திறந்து
காது கொடுக்க வேண்டும்.
நாற்பத்தொரு பிள்ளைகள் அந்த நேரம் மட்டும்
மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்
(அவர்களாக வைத்துக்கொண்ட பந்தயம்).
பன்னிரண்டு வருடம் இப்படிக் கேட்டுக் கேட்டு
எனக்கு ரயில் பிடித்துப்போயிற்று.

காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை
பேருந்தும் சும்மா, நானும் சும்மா.
கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நாக்கு தடுக்கும் பெயர், ஈரி ஏரி.
ஜனவரியில் அது கரையேறி வந்து
கலங்கரை விளக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.
அலை மேல் அலை உறைந்து
கதவு எங்கே என்று தெரியாது.
உருகும் மெழுகுவர்த்தி பார்த்திருக்கிறேன்,
உருகியதெல்லாம் திரும்ப ஏறி நிற்கும் மெழுகுவர்த்தியை
அங்குதான் பார்த்தேன்.
விரல் மரத்து, எடுத்த ஆறு படத்தில்
ஐந்தில் என் கையுறை.

உள்ளே போனால் ஆற்றுக்கு ஆறு
கூரை போட்ட மரப்பாலங்கள்.
பாலத்துக்கு எதற்குக் கூரை,
நனைந்தால் சளி பிடிக்குமா என்று
சிரித்திருக்கிறேன்.
ஒருநாள் நடுப்பகலில் உள்ளே நின்றபோது
பலகை இடுக்கில் வெயில்
சீப்புப் பல்லாக விழுந்தது.
அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

துறைமுகத்தில் இருப்பது தூக்குப்பாலம்.
அரைமணிக்கு ஒருதரம் ரோசலிண்ட் பெக்கலா தூக்குவாள்.
மேகம் விலகட்டும்,
இன்னும் ஒரு நிமிடம் அப்படியே வைத்திரு என்றேன்.
'இது பாலம், புருவமில்லை,
கேட்டபடி தூக்கி வைக்க.'

ஆனால் என் படம் என்றால்
பதினொன்று நாற்பது.
இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு
துறைமுகத்திலிருந்து தெற்கே போகும் கறுப்பு ரயில்,
ஆற்றின் மேல் ஏழு கல் வளைவு,
கீழே தண்ணீரில் இன்னோர் ஏழு.
எல்லாம் கூடிவரும் நாளில்
வலது ஓரம் எப்போதும் கெட்டுப்போகும்:
பாப்லர் மரத்தடியில்
ஒரு நீல நிறப் பிக்கப் வண்டி.
திட்டிக்கொண்டே வெட்டி எறிவேன்.
மூன்று வருடம் வெட்டினேன்.

சேமிப்பு வங்கி நாள்காட்டிக்குப் படம் கேட்டது.
அகலம் போதவில்லை,
வெட்டாத மூலத்தை அனுப்பு என்றார்கள்.
திறந்தேன்.
பத்தொன்பது படம். பத்தொன்பதிலும் அது.
ஒன்றில் முன்பக்கத்தின் மேல் பிளாஸ்க்.
ஒன்றில் துடைப்பான்கள் நிமிர்ந்து, சுற்றிலும் பனி.
ஒன்றில் சன்னலுக்கு வெளியே
சிவப்புக் கையுறை போட்ட ஒரு கை.
இழுத்துப் பெரிதாக்கினேன்.
எஞ்சின் சன்னலிலும் ஒரு கை.

நீளம், நீளம், குட்டை, நீளம்.
சாலை குறுக்கிட்டால் அப்படி ஊத வேண்டும்.
அந்த வளைவுப் பாலத்தில் சாலையே இல்லை.
அங்கே கேட்கும் ஒற்றைக் குட்டை ஊதல்
எனக்குத்தான் என்று
மூன்று வருடம் ஆற்றங்கரையில் நின்று
கையசைத்திருக்கிறேன்.

யாருக்கு யார் என்று விசாரிக்கவில்லை.
சின்ன ஊர். கேட்டால் பத்துப் பேர் சொல்வார்கள்,
பத்து விதமாக.

வங்கி அக்டோபருக்கு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டது.
ஓரத்தை அவர்களே வெட்டிவிட்டார்கள்.
நான் முழுப்படத்தை ஒரு பிரதி போட்டு,
மளிகைக் கடை வாசலில் நீல வண்டியைக் கண்டதும்
துடைப்பானுக்கடியில் செருகிவிட்டு
திருடனைப்போல் நடந்தேன்.

அடுத்த வியாழன்.
தண்ணீர் அசையாத நாள்.
பதினொன்று நாற்பத்திரண்டுக்கு வந்தது.
ஒரு குட்டை ஊதல்.
நான் கையைத் தூக்கவில்லை.
நாலைந்து பெட்டி கடந்தபின்
இன்னொன்று.

படம் ஆடிவிட்டது.